ஆயிரம் அடித் துளைக்குள் என்ன இருந்தது?



பட்டமளிப்பு மேடைக்கு வருகிறவர்கள் உலகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் சேலம், தருமபுரி, நாமக்கல் தாண்டிப் போகப் போவதில்லை. நிலவியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் படித்த உங்களுக்கு இந்த வறண்ட மலைநாடே போதும்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பு சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல், சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதே வகைப் பாறைக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே சூட்டிவிட்டார். இந்த மலைகளில் ஒரு நாளும் கால் வைக்காத கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரியின் பெயரில் நம் மலை கிடக்கிறது, போகட்டும். இந்தப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அந்தப் பக்கம் சித்தம்பூண்டி. நிலவில் இறங்கும் கலத்தைத் தரையில் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் பொடித்தார்கள். செய்தி வந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்த ஊர்க்காரரிடம் போய்ப் பாறையைப் பற்றிப் பேசினால் அவர் நிலவைப் பற்றிக் கேட்க மாட்டார். “இதுக்குள்ள தண்ணி இருக்குங்களா?” என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்விக்குத்தான் உங்கள் பட்டம் பதில் சொல்ல வேண்டும். சொல்வது எளிதல்ல. ஏற்காட்டில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் மழை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிவந்தால், பல ஆண்டுகளில் ஆயிரத்தைத் தொடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பங்கைத் தனக்கென்று வாங்கிக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது கோடை இடியும், செப்டம்பர், அக்டோபரில் சில மாலைகளில் கொட்டித் தீர்க்கும் மழையும். இப்படிப்பட்ட நாட்டுக்கு ‘மாவட்டச் சராசரி மழை’ என்று ஓர் எண்ணைப் போட்டு அட்டவணையில் எழுதினால், அந்த எண் எந்த ஊரிலும் பெய்யாத மழையைக் குறிக்கும்.

மண்ணுக்குக் கீழேயும் அதே கதைதான். நம்முடையது ஆற்று மணல் படிந்த டெல்டா அல்ல, கடினப்பாறை. மேலே சிதைந்து பொரிந்த அடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகள், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த அடுக்கில் தண்ணீர் விட்டுக்கொடுக்கும் இடைவெளி நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மிஞ்சினால் மூன்று. இரண்டு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் கிணற்றின் மட்டம் 5 மீட்டர் ஏறும். அதே 100 மில்லிமீட்டரை இறைத்தால் 5 மீட்டர் இறங்கும். இரண்டு மழையில் கிணறு ததும்புவதும், மாசி பங்குனிக்குள் தரை தெரிவதும் இதனால்தான். ததும்பும் கிணற்றைப் பார்த்துக் கரும்போ வாழையோ வைத்தவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதற்கு முன்னால், இந்தக் கணக்கை அவருக்கு யாராவது சொன்னோமா என்று யோசிக்க வேண்டும்.

கிணறு வற்றியதும் போர்வெல். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் துளையிடும் ரிக் வண்டியைப் பாருங்கள், திருச்செங்கோட்டுக்காரரின் வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்கா வரைக்கும் போன வண்டிகள் அவை. ஆயிரம் அடி துளைப்பது அவர்களுக்கு ஒரு நாள் இரவு வேலை. ராடு ராடாக இறங்க இறங்க, கம்ப்ரசர் காற்று பாறைத் தூளை மேலே தள்ளுகிறது. தூளின் நிறம் எந்த அடியில் மாறியது, எங்கே வெடிப்பு வந்தது, எங்கே ஈரம் தட்டியது, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்பதெல்லாம் வண்டியில் நிற்கும் ஆளுக்குத் தெரியும். விடிந்ததும் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த அறிவும் கூடவே போய்விடும்.

உலகத்தில் வேறு எங்காவது ஆயிரம் அடி ஆழத்துக்கு ஒரு ஆய்வுத் துளை போட வேண்டுமென்றால் திட்ட அறிக்கை எழுதி, நிதி கேட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் மாவட்டங்களில் அப்படித் துளைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அத்தனைக்கும் பணம் கொடுத்தவர் விவசாயி. நகையை அடகு வைத்துக் கொடுத்திருப்பார். அவற்றில் நிறைய புகை போர், தூளைத் தவிர ஒன்றும் வராதது. தண்ணீர் வந்த போரைக் கட்டுரையில் எழுதுகிறோம்; வராத போரை எழுதுவதில்லை. நீரோட்டத்தைப் புரிந்துகொள்ள இரண்டும் ஒரே அளவு வேண்டும்.

எல்லாம் காற்றில் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ரிக் ஆபீஸ்களில் பழைய பில் புத்தகங்கள் இருக்கும். அடிக்கு இவ்வளவு, கேசிங் இவ்வளவு என்று எழுதிய பில். கேசிங் பைப்பை எதுவரை இறக்குகிறார்கள்? கெட்டிப் பாறை தட்டும் வரை. அப்படியானால் பில்லில் உள்ள கேசிங் நீளம்தான் ஏறத்தாழ அந்த இடத்தில் சிதைந்த பாறையின் கனம். சர்வே எண்ணோடு ஆயிரம் பில்களைச் சேர்த்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், மின்தடை அளவீடு செய்து மாதக்கணக்கில் நீங்கள் தேடும் படம் பெருமளவு அங்கேயே விழுந்துவிடும். இதற்கு எந்த வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். ஆபீஸ் வாசலில் மரியாதையாக உட்கார்ந்து, ஒரு டீ குடித்துக் கேட்டால் போதும்.

ஊர்க்காரர் கண்ணால் பார்த்த பிறகுதான் பல விஷயங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கின்றன. 1930-களில் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், மூட்டு இறுகி நடக்க முடியாமல் போன உழவு மாடுகளை முதலில் கவனித்தவர்கள் விவசாயிகள். 1937-இல் ஷார்ட்டும் அவருடைய சக மருத்துவர்களும் பொடிலி, தர்சி, கனிகிரி பகுதி மக்களிடம் கண்ட அதே நோயை விவரித்தார்கள். காரணம், குடிதண்ணீரில் ஃபுளூரைடு.

தருமபுரிப் பிள்ளைகளின் பல்லில் உள்ள பழுப்புக் கறை அதே கதையின் தொடர்ச்சி. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருக்கும் வரை ஃபுளூரைடு ஓர் எல்லைக்கு மேல் கரையாது. வறண்ட நிலத்தில் நீர் ஆவியாக ஆவியாக, கால்சியம் சுக்கான் கல்லாக மண்ணில் படிந்துவிடுகிறது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீர், ஆழத்து வெடிப்புகளில் நெடுங்காலம் பாறையோடு கிடந்தால், ஃபுளூரைடு ஏறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. கிணறு வற்றி ஆழமாகப் போர் போட்டதற்கும் பிள்ளையின் பல்லுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து, காவிரி தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஏறியது. பெரிய காரியம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் அம்மா எந்தப் போரில் குடம் பிடிக்கிறார் என்பதைத் திட்ட அறிக்கை சொல்லாது. நீங்கள் கேட்டால் அம்மா சொல்வார்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் நினைக்கலாம். 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டைக் கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை வைத்து நிலத்தடி நீர் குறைவதைக் காட்டின, அருமையான வேலை. ஆனால் அவற்றின் பார்வையில் சில நூறு கிலோமீட்டர் அகலம் ஒரே புள்ளி. சேலம், தருமபுரி, நாமக்கல், ஈரோடு நான்கும் அதற்குள் கலந்துவிடும். நம் ஊரில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் புகை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊர்களுக்குப் போகிறோம், பாட்டிலில் நீர் எடுக்கிறோம், மூடியில் ஓர் எண் எழுதுகிறோம். அந்த எண் பட்டியலாகிறது, ஆய்வேடாகிறது, சில நேரம் வெளிநாட்டு இதழிலும் வருகிறது. கிணற்றுக்காரருக்கு மட்டும் தன் தண்ணீரில் என்ன இருந்தது என்று தெரிவதில்லை. இது எனக்கு ஒழுங்கான ஆய்வாகப் படவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் நான்கு வரி: உப்பு இவ்வளவு, ஃபுளூரைடு இவ்வளவு, குடிக்கலாம் அல்லது வேண்டாம், பயிருக்கு ஆகும் அல்லது ஆகாது. இதை எழுதிக் கொடுக்காமல் எந்த மாதிரியும் ஆய்வேட்டில் ஏறக் கூடாது என்று இந்தத் துறையில் ஒரு விதி வந்தால் நல்லது. பேராசிரியர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

உங்களில் பலர் பெங்களூருவுக்கும் ஐதராபாத்துக்கும் வேலைக்குப் போவீர்கள். போக வேண்டியதுதான், கடன் இருக்கிறது. இருந்தாலும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் ஊருக்கு வருவீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஜனவரியும் மே மாதமும் அதில் உண்டு. நீங்கள் வரும் பருவமும் ஏறத்தாழ அதுவே. வீட்டுக் கிணற்றுக்குள் ஒரு நாடாவை விட்டு, தேதியோடு ஆழத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பில் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இந்தத் துறைக்கு அனுப்பினால், இங்கே புதிதாகச் சேரும் முதலாண்டு மாணவர் வரைபடத்தில் ஏற்றிவிடுவார்.