பற்றரியின் எந்த முனை இரும்பிற்கு?

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



சென்ற மாதம் இதே மேடையிலே பெரியபுராணம் பற்றி அரியதொரு சொற்பொழிவு நிகழ்ந்தது. அதன்பின் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பற்றரியைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தது உங்கள் செயலாளரின் துணிவென்றே சொல்லவேண்டும். காரணம் இதுதான். நமது சங்கத்து இளைஞர் நால்வர் ஒன்று சேர்ந்து, இங்கிலாந்திலே செய்த பழைய வண்டியொன்றை வாங்கிச் செப்பனிடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வழியிலே என்னை மறித்து, "மாஸ்ரர், பற்றரியின் மைனஸ் முனைதானே இரும்பிற்கு?" என்று கேட்டார். "பொறும் தம்பி, வயரைத் தொடாதையும்" என்று மட்டும் அன்று சொல்லிவிட்டு வந்தேன். மிகுதியை இன்று சொல்கிறேன்.

முதலிலே இந்த இரும்பு ஏன் என்பதைப் பார்ப்போம். வீட்டிலே ஒரு விளக்கு எரிய இரண்டு வயர் வேண்டும். ஒன்று போக, ஒன்று வர. வண்டியிலே அந்த இரண்டாவது வயரை மிச்சப்படுத்திவிட்டார்கள். வண்டியின் சட்டமே இரும்பு. இரும்பு மின்னைக் கடத்தும். ஆகவே பற்றரியின் ஒரு முனையைச் சட்டத்திலே பூட்டிவிட்டால், விளக்கு, ஹோர்ன் யாவற்றிலிருந்தும் மின் அச்சட்டத்தின் வழியே திரும்பிவிடும். இதனைப் புத்தகத்திலே புவித்தொடுப்பு என்பர். கராஜிலே ஏர்த் என்பர். புவிக்கும் இதற்கும் உண்மையில் ஒரு தொடர்புமில்லை. வண்டி இரண்டு இறப்பர்ச் சில்லின் மேலல்லவா நிற்கிறது!

இரண்டு முனையில் எதனைச் சட்டத்திலே பூட்டினாலும் விளக்கு எரியும். சாதாரண பல்ப்பிற்கு நேர்முனை, எதிர்முனை என்ற பேதம் தெரியாது. இன்றைய வண்டிகள் யாவற்றிலும் எதிர்முனையே, அதாவது மைனஸ் முனையே, இரும்பிற்குச் செல்கிறது. யப்பான் வண்டிகளிலே பழகிய கை அதனையே தேடும். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்த பி.எஸ்.ஏ., ட்ரயம்ப், நோர்ட்டன் முதலிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் நேர்முனையே இரும்பிற்கு. நமது ஊர்த் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 கார்களிலும் அப்படியே.

ஏன் அவ்வாறு செய்தார்கள்? ஆங்கிலேயர் எல்லாவற்றையும் எதிர்மாறாகவே செய்வர் என்று சிலர் சிரிப்பதுண்டு. அது நியாயமன்று. அமெரிக்க ஃபோர்ட் கார்களும் 1955 வரை நேர்முனையையே இரும்பிற்குக் கொடுத்தன. காரணம் இரண்டு சொல்வார்கள். ஒன்று அரிப்பு. ஈரமிருக்கும் இடத்திலே மின் பாய்ந்தால், நேர்முனையாய் நிற்கும் உலோகமே கரைந்து போகும். செம்பு வயர் நேராய் நின்றால் அதன் நுனியிலே பச்சை பூத்து, மெலிந்து, ஒருநாள் அறும். அதே செம்பு வயரை எதிராக்கி, தடித்த இரும்பை நேராக்கினால் வயர் தப்பும். தொலைபேசி நிலையங்களிலே 48 வோல்ற் பற்றரியின் நேர்முனையை நிலத்தோடு தொடுத்ததும் இதே நோக்கத்திற்காகத்தான். நிலத்தடியிற் செல்லும் வயரைக் காப்பாற்றுவதற்கு.

மற்றக் காரணம் தீப்பொறி. பிளக்கின் நடுக்கம்பி இயந்திரத்திலே மிகுதியாய்ச் சூடேறும் பாகம். சூடான உலோகத்திலிருந்து இலத்திரன்கள் எளிதிற் புறப்படும். இலத்திரன் புறப்படும் பக்கம் எதிர்முனை. ஆகவே நடுக்கம்பி எதிராய் நின்றாற் குறைந்த வோல்ற்றிலேயே பொறி பாயும். (இலத்திரனை ஜே.ஜே. தொம்சன் கண்டது 1897இல். அதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்னரே பெஞ்சமின் பிராங்ளின் நேர், எதிர் என்று பெயரிட்டுவிட்டார். இலத்திரன் எதிரிலிருந்து நேருக்கு ஓடுவது பின்னரே தெரிந்தது. இன்றுவரை மாணவர்களை அழவைக்கும் குழப்பம் அது!) உண்மையைச் சொன்னால், கொயிலின் இரு வயரையும் மாற்றிப் பூட்டினால் எந்தப் புவித்தொடுப்பிலும் நடுக்கம்பியை எதிராக்கலாம். ஆகவே இரண்டாவது காரணம் அவ்வளவு வலுவானதன்று என்பது என் எண்ணம்.

பின்னர் திரான்சிஸ்ரர் வந்தது. ஆடலோட்டம் பிறப்பிக்கும் ஓல்ரனேற்றர் கார்களுக்கும் வந்தது. எல்லா நாட்டவரும் ஒரே முறைக்கு வரவேண்டியதாயிற்று. 1960களின் பிற்பகுதியிலே ஆங்கிலக் கார்கள் ஒவ்வொன்றாய் எதிர்முனைக்கு மாறின. மோட்டார் சைக்கிள்கள் இன்னும் பிடிவாதமாய் நின்றன. ட்ரயம்ப் பெரிய வண்டிகள் மாறியது 1979ஆம் ஆண்டு மாதிரியிலேதான்.

இனி என் கதை. இதை நான் மேடையிலே சொன்னதில்லை. என் தம்பி இன்று இங்கே இல்லாதபடியாற் சொல்லலாம்.

எங்கள் ஐயா வைத்திருந்தது பேர்மிங்காமிற் செய்த 250 சி.சி. வண்டி. ஆறு வோல்ற் பற்றரி, தீப்பொறி கொயிலிலிருந்து. 1990களிலே வடக்கிற்கு பற்றரி வருவது தடைப்பட்டிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியிலே செய்தி கேட்ட காலம். பெற்றோலும் இல்லை, சில துளி பெற்றோலிலே இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயிலே ஓடினோம். அயலவர் ஒருவரிடமிருந்த பழைய வண்டிக்கு மக்னீற்றோ. அது தானே தன் பொறியைப் பிறப்பிக்கும், பற்றரி கேளாது. அவர் வண்டி புகை கக்கிக்கொண்டு போகும். எங்கள் வண்டி சாய்ப்பிலே சாக்கு மூடி நிற்கும். ஐயா வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வண்டி மீண்டும் ஓடுவதைக் காணாமலே அவர் போய்விட்டார்.

2002இல் ஏ 9 பாதை திறந்தது. கொழும்பு சென்று வரும்போது புதிய ஆறு வோல்ற் பற்றரியொன்று வாங்கி வந்தேன். அடுத்தநாட் காலை தம்பியும் நானும் சாக்கை நீக்கினோம். பற்றரித் தட்டின் அருகே இரண்டு வயர். ஒன்று சட்டத்திலே போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. அதன் நிறம் சிவப்பு. மற்றது மண்ணிறம். "சிவப்பு வயரை யாரோ மடையன் இரும்பிலே பூட்டியிருக்கிறான்" என்று சொன்னேன். அந்த வார்த்தை இன்றும் என் காதிலே நிற்கிறது. ஏனெனில் மடையன் யாரென்பது அடுத்த நிமிடத்திலே தெரிந்தது. சிவப்பைக் கழற்றினேன். மண்ணிற வயரைப் பற்றரியின் நேர்முனையிலே இறுக்கினேன். கறுப்பு வயரொன்றை எதிர்முனையிலிருந்து சட்டத்திற்குப் பூட்டினேன்.

சாவி போடவேயில்லை. ஆசனத்தின் கீழே ஒரு சீறல், பின் இறப்பர் எரியும் மணம், பின் புகை. நான் சாவித் துளையை நோக்கி ஓடினேன். அதனாற் பயனென்ன? தம்பி குனிந்து, சிவந்து நின்ற வயரை வெறுங்கையாற் பற்றி இழுத்து அறுத்தான். பெற்றோல் தாங்கி ஒரு சாண் மேலே. அதிலே அன்று காலைதான் இரண்டு லீற்றர் விட்டிருந்தோம். வண்டி தப்பியது, வீடும் தப்பியது. தம்பியின் வலது உள்ளங்கையிலே நாலு விரலுக்கும் குறுக்கே அந்த வயரின் கோடு இன்றும் இருக்கிறது. அவன் அதைப்பற்றி ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாயிருந்திருக்கும்.

நடந்தது என்ன? ஓல்ரனேற்றர் தரும் ஆடலோட்டத்தை ஒரு வழிப்படுத்தப் பற்றரியின் முன்னே ஒரு சீராக்கி உண்டு. அது ஒருவழிக் கதவு. இயந்திரத்திலிருந்து பற்றரிக்கு மின் போகலாம். பற்றரியிலிருந்து திரும்பி வரக்கூடாது. பற்றரியை மாறிப் பூட்டினால் அந்தக் கதவு முழுதாய்த் திறந்து, பற்றரியின் இரு முனையும் நேரே முட்டிக்கொள்ளும். எங்கள் வண்டியிற் சீராக்கி சாவிக்கு முன்னாலேயே பற்றரியோடு தொடுக்கப்பட்டிருந்தது. அதனாலேயே சாவி போடாமலும் எரிந்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் உருகியும் இல்லை. 1966 அளவிலே பன்னிரண்டு வோல்ற்றுக்கு மாறிய வண்டிகளிலே சீனர் டயோட் என்றொரு பாகம் மிகுதி மின்னை உறிஞ்ச வைக்கப்பட்டது. மாறிப் பூட்டினால் அதுவும் இவ்வாறே திறந்துவிடும்.

நிறமே என்னை ஏமாற்றியது. லூகாஸ் கம்பெனியார் மோட்டார் சைக்கிள்களுக்குச் செய்த வயர்க்கட்டிலே சிவப்புத்தான் புவித்தொடுப்பு. மின் வரும் வயர் மண்ணிறம், அல்லது மண்ணிறத்தில் நீலக்கோடு. சிவப்பென்றால் மின் உள்ள வயர் என்று எண்ணிப் புதிய ஹோர்னையோ கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியையோ அதிலே கொடுப்பவர் இன்றும் உளர்.

இனி, இளைஞர்களே, உங்கள் வண்டிக்கு வருவோம். முன்னிருந்தவர் எப்படிப் பூட்டினார் என்பதை நம்பாதீர்கள். அவரும் என்னைப் போன்றவராய் இருக்கலாம். வண்டியின் மாதிரிக்கும் ஆண்டிற்குமுரிய கைநூலைப் பாருங்கள். கொயிலிலே எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துக்கள் இருக்கும். முதலாவது சாவிப் பக்கம், இரண்டாவது பொயின்ற் பக்கம். சீனர் டயோட் இருந்தாலோ நீல நிறக் குப்பி போன்ற கண்டென்சர் இருந்தாலோ அவையும் ஒரு பக்கத்திற்கே உரியவை. பற்றரியின் குறி அழிந்திருந்தால் வோல்ற்மானியால் அளவுங்கள். அதுவும் இல்லையெனில், உருளைக்கிழங்கை வெட்டி, பற்றரியிலிருந்து இரண்டு செம்புக் கம்பியை இடைவெளிவிட்டுக் குத்திப் பாருங்கள். பச்சை பிடிக்கும் பக்கம் நேர். அப்பால் அந்தக் கிழங்கைக் கறிக்கு அனுப்பவேண்டாம்.

டைனமோ உள்ள வண்டியாயின் இன்னொரு வேலையுண்டு. டைனமோ தன் இரும்பிலே எஞ்சியுள்ள சிறு காந்தத்தைக் கொண்டே நேர், எதிரை அறிகிறது. நெடுநாட் கிடந்த டைனமோவிலும், மாறி மின்னூட்டப்பட்டதிலும் அக்காந்தம் மறந்திருக்கும் அல்லது புரண்டிருக்கும். லூகாஸ் டைனமோவிலிருந்து இரு வயரையும் கழற்றி, பற்றரியின் இரும்பிற்குரிய முனையை டைனமோவின் உடலிலே பிடித்துக்கொண்டு, மற்ற முனையிலிருந்து வரும் வயரால் எஃப் என்ற இடத்தை ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும், அவ்வளவே. நேர்முனைப் புவித்தொடுப்பானால் அப்படித் தொடும் வயர் எதிர்முனையிலிருந்து வருவது.

பற்றரியைக் கழற்றும் ஒழுங்கைப் பலர் பாடமாய்ச் சொல்வர்: "முதலில் மைனஸ்." இப்பழைய வண்டிகளிலே அந்தப் பாடம் பிழை. இரும்பிற்குச் செல்லும் முனை எதுவோ அதனையே முதலிற் கழற்றவேண்டும். பூட்டும்போது அதனையே கடைசியிற் பூட்டவேண்டும். நியாயம் எளிது. மின் உள்ள முனையை நீங்கள் திருகும்போது ஸ்பானரின் மறுநுனி சட்டத்திலே தட்டக்கூடும். புவித்தொடுப்பு முன்னரே கழன்றிருந்தால் ஒன்றும் நடவாது. கழன்றிராவிட்டால் ஸ்பானரே வயராகிவிடும். மின்னேற்றும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், அதற்கு ஒரு பொறி போதும். கையில் மோதிரம் இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

லூகாஸைப் பற்றி இருளின் இளவரசர் என்றொரு பகிடி ஆங்கிலேயரிடையே உண்டு. நான் திறந்து பார்த்த வண்டிகளில் இருளுக்குப் பெரும்பாலும் காரணம் புவித்தொடுப்பின் அழுக்கே. ஆறு வோல்ற் விளக்கு 30 வாற்று என்று கொள்வோம். 5 அம்பியர் ஓடும். துருப்பிடித்த போல்ட்டிலே 0.2 ஓம் தடையிருந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ற் அங்கேயே போய்விடும். ஆறில் ஒன்று போனால் ஒளி பாதியளவாய்க் குறையும். நீங்கள் சட்டத்திற்கு அழகாய்ப் பெயின்ற் அடித்துவிட்டீர்கள் என்று கேள்வி. போல்ட் பூட்டும் இடத்திலே அதை வெள்ளி தெரியச் சுரண்டுங்கள். மனம் வராதென்று தெரியும், ஆயினும் சுரண்டுங்கள். முன்விளக்கின் மின் ஹாண்டிலின் குண்டுப் போளைகள் வழியே கிறீசுக்குள்ளாற் திரும்பவேண்டியிருக்கும். அதற்குத் தனியே ஒரு சிவப்பு வயரை விளக்கிலிருந்து பற்றரி வரை ஓடவிடுங்கள். பற்றரியின் மறு முனையிலே ஓர் உருகியும் வையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் பழமையைப் பேணவேண்டாம்.

எதிர்முனைக்கு மாற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாற்றலாம். சீராக்கியைத் திருப்பி, கொயில் வயரையும் அம்பியர்மானி வயரையும் மாற்றி, டைனமோவானால் அதற்கும் காந்தமூட்டி, மாற்றியதை ஒரு தகட்டிலே எழுதிப் பற்றரியின் அருகே கட்டிவிடவேண்டும். ஐயாவின் வண்டியை நான் மாற்றவில்லை. புதிய வயர்க்கட்டும் அவர் காலத்துப்படியே, சிவப்பு இரும்பிற்கே.

வண்டி வெளியே வேப்பமரத்தடியிலே நிற்கிறது. ஸ்பானரும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் அந்த நால்வரும் வந்தால் பற்றரியை ஒருமுறை கழற்றிப் பூட்டச் சொல்லிப் பார்க்கிறேன். நான் கையைப் பின்னாலே கட்டிக்கொண்டு நிற்பேன்.