கார்த்திகையில் ஒரு பாத்தி

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் தோட்டத்திற்கு ஓய்வுக்காலம். சேலம், நாமக்கல் சமவெளியிலோ அதுவே நற்பருவம். ஐப்பசி மழை தணிந்து கார்த்திகை பிறந்ததும் முள்ளங்கி, பீட்ரூட் விதைகளை ஊன்றலாம். பள்ளித் தோட்டத்தில் மாணவருக்கு நான் முதலில் தந்தது முள்ளங்கி விதையே. நாற்பது நாளில் பலன் காண்பது சிறுவர் பொறுமைக்கு ஏற்றது.

பூக்கோசில்தான் பலர் ஏமாறுகின்றனர். குளிர்நாட்டு வகைகள் நல்ல குளிர் பட்டாலன்றிப் பூத்திரளா. சுமார் 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டின் குளிர், மலையடிவாரத்தில் ஏது? இலை மட்டும் செழிக்கும். விதைக்குக் கொடுத்த பணமும் மூன்று மாத உழைப்பும் வீணாகும். 1822-இல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர்த் தோட்டத்திற்கு வந்த பூக்கோசு, வடநாட்டு உழவர் கைகளில் தலைமுறைதோறும் தெரிந்தெடுக்கப்பட்டு, வெப்பம் பொறுக்கும் வகைகளைத் தந்தது. அத்தகைய முன்பருவ வகையையே கேட்டு வாங்குங்கள். நாற்றை ஐப்பசியிலேயே மேட்டுப்பாத்தியில் விட்டு, நான்கைந்து வாரத்தில் பிடுங்கி நடுங்கள். மாசியில் வெயில் ஏறிவிடும், தாமதத்திற்கு இடமில்லை.

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரைக்கு இக்கவலை இல்லை. பகற்பொழுது குறுகினால்தான் அது பூக்கும். அதற்குமுன் எருவைக் கூட்டினால் கொடிதான் நீளும். மார்கழியில் கொழுந்தில் அசுவினி மொய்த்தால், காலைப் பனி உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.