உச்சிக்குழியும் மந்திரக் கயிறும்



குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழியைத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடம் அது. அதன்மேல் கெட்டியான சவ்வு மூடியிருக்கிறது. பிரசவத்தில் தலை சற்று ஒடுங்கி வெளிவரவும், பிறகு மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டியிருக்கிறது. பின்பக்கத்துச் சிறு குழி 2, 3 மாதத்தில் மூடிவிடும். முன்குழி மூடப் பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் ஆகும்; சில குழந்தைகளுக்கு 2 வயதும் ஆகலாம். எண்ணெய் வைத்து யாரும் அதை மூடவேண்டியதில்லை.

ஆனால் பேதியில் குழி உள்வாங்கினால்? சென்ற கோடையில் நாம் பேசப்போன ஊரில் 8 மாதக் குழந்தைக்கு அப்படி ஆயிற்று. திருஷ்டி என்று பாட்டியம்மாள் கயிறு கட்டினார். பூசாரி விபூதி ஊதினார். இரண்டு நாள் போயிற்று. தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்களாம்! உடம்பில் நீர் வற்றியதால்தானே குழி விழுந்தது? அந்த நீரையே மறுத்தால் குழந்தை எப்படிப் பிழைக்கும்? வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்தது. தன் விபூதியால்தான் என்கிறாராம் பூசாரி, சொல்லிவிட்டுப் போகட்டும்.

1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலராவால் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கிற்று. மந்திரம் ஏதும் சொல்லவில்லை. அதுதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தாமல், அதைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு, அழாத நேரத்திலும் குழி புடைத்து நின்றால் மூளைச் சவ்வில் நோயாயிருக்கலாம். அன்றைக்கே, அந்த நிமிஷமே புறப்படுங்கள்.