கேபிள் வயரின் இந்த முனையில் இருக்கிறவர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டி.வி. தொழிலில் இருக்கிற நம்ம பகுதிப் பிள்ளைகள் சோர்ந்துபோயிருக்கிறார்கள், அவர்களுக்குத் தைரியம் வருகிற மாதிரி பேசுங்கள் என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னார். எனக்கு மேடை வசனம் வராது. முப்பது வருசத்துக்கு மேல் வங்கி கவுண்டரில் ரூபாய் எண்ணியவன். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 மார்ச் 19-லிருந்து சினிமா, சீரியல் படப்பிடிப்பு எல்லாம் நின்றது, ஞாபகம் இருக்கும். அறிவித்தது பெப்சி. குடிக்கிற பெப்சி இல்லை. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். லைட், மேக்கப், தையல், சமையல், டிரைவர் என்று சுமார் 25,000 பேர். பலருக்கு அன்றன்றைக்கு வேலை, அன்றன்றைக்குச் சம்பளம். சாயங்காலம் நாம் பார்க்கிற மாமியார் மருமகள் சண்டைக்கு லைட் பிடிக்கிறவர் மாதச் சம்பளக்காரர் இல்லை என்பது நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் தலைவர் ஆர்.கே. செல்வமணி பொதுவாக 'உதவுங்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 25 கிலோ அரிசி மூட்டை 1,250 ரூபாய், 15,000 குடும்பத்துக்குக் கொடுக்க ஏறக்குறைய 2 கோடி வேண்டும் என்றார். நான் உடனே பெருக்கிப் பார்த்தேன், 1 கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம். பழக்கதோஷம். ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். சிலர் அரிசியாகவே கொடுத்தார்கள். 1,250 ரூபாய் கொடுத்தால் ஒரு வீட்டில் உலை கொதிக்கும் என்று தெரிந்தால் சாதாரண ஆளுக்கும் கை நீளும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது மே மாதம் நடந்தது. 20 பேரை மட்டும் வைத்து சீரியல் எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. போதாது என்று கேட்டு, மாதக் கடைசியில் அதை 60 ஆக்கினார்கள். 20 பேருக்குள் எடு என்றால் யார் வீட்டில் உட்காருவார்? கதாநாயகியை நிறுத்த முடியாது. லைட்காரரும் உதவியாளரும்தான் நிற்பார்கள். வேலை கிடைத்த 20 பேர் 'நமக்குக் கிடைத்துவிட்டது' என்று போயிருந்தால் மீதி 40 பேர் கதி? ஜூன் 19-ல் சென்னையில் மறுபடி ஊரடங்கு, மறுபடி நிறுத்தம். ஜூலையில் மறுபடி தொடக்கம். இப்படி விழுந்து எழுந்துதான் அந்த வருசம் ஓடியது.

இப்போதைய சரிவு வேறு மாதிரி. ஒரே நாளில் நிற்கவில்லை, தொட்டியில் கசிவு மாதிரி இறங்குகிறது. டிராய் கணக்கில் டி.டி.எச். சந்தாதாரர்கள் 2019-ல் 7 கோடிக்கு மேல். 2025-ல் 6 கோடிக்கும் கீழே. நம் தெரு கேபிளுக்கும் அதே கதிதான். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153.40. கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு. திட்டம் போட்டது டெல்லியில், திட்டு வாங்கியது நம் வாசலில் நின்ற தம்பி. 2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் லட்சக்கணக்கில் நின்றபோதும் அப்படித்தான். இத்தனைக்கும் 2017-ல் ஒக்கி அடித்து மாவட்டமே இருட்டில் கிடந்த பிறகு, சாய்ந்த தென்னைகளுக்கு நடுவே வயரைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டவர்கள் இவர்கள்.

பழைய எண்ணிக்கை திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். வராது. வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது லெட்ஜரும் திரும்பி வரவில்லை. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எங்கள் கிளையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டுக்கடன், மகள் கல்யாணம், பென்ஷன் எல்லாவற்றையும் இரண்டு பேர் சேர்ந்து தாளில் கூட்டிப் பார்த்த பிறகுதான் படிவம் போகும். அப்படிக் கூட்டிப் பார்த்து, போகாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு.

தொழிலில் இருக்கிற தம்பி தங்கச்சிகளும் அதைச் செய்யலாம். கடன் எவ்வளவு, வரவு எவ்வளவு என்பதைக் கூட வேலை பார்க்கிற ஒருவரிடமாவது திறந்து சொல்லுங்கள். பக்கத்து ஏரியாக்காரர் வாடிக்கையாளரை இழுக்க ரேட்டைக் குறைக்காதீர்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் பெட்ரோல் காசு மிஞ்சாது. பைபர் இன்டர்நெட், கேமரா மாட்டுவது எல்லாம் உங்கள் கைக்கு வருகிற வேலைதான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நமக்கும் வேலை உண்டு. கேபிளை நிறுத்துவது உங்கள் உரிமை. ஆனால் பாக்கியைத் தீர்த்து, பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, நேரில் சொல்லி நிறுத்துங்கள். நாலு மாதம் 'நாளைக்கு வா' என்று அலையவிடாதீர்கள். வீட்டில் கேமரா மாட்டுவதென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். சென்னையில் சீரியல் வேலை இல்லாமல் ஊருக்கு வந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து 'இப்ப எந்த சீரியல்ல வாறே?' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டியா மக்களே' என்று கேளுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு இருக்கிறது. 16 முதல் 59 வயது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் சேரலாம். கேபிள் வசூலுக்கு வருகிற தம்பிகளில் பலர் பதியவே இல்லை. சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். ஆதார், பாஸ்புக், ஆதாரோடு இணைத்த போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். படிவம் நிரப்புவதில் எனக்குக் கை இன்னும் விட்டுப்போகவில்லை.