முதுகில் ஆணி போடுமுன்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைவிட்டு இன்று முதுகைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதுகு நின்றால் சம்பளமும் நிற்கும் என்பது நிரை பிடித்து வெட்டுகிற எவருக்கும் தெரிந்ததே. தாழ்ந்த பட்டைக்குக் குனிந்து, உயர்ந்த பட்டைக்கு அண்ணாந்து, நாள் முழுதும் மரத்துக்கு மரம் அதே வளைவு. பிறகு பால் வாளி. நான்கு காலன் தகரம் நிறைந்தால் ஏறக்குறைய 18 கிலோ. காண்டாக் கம்பில் இரண்டு தொங்கினால் 36. மோட்டார் சைக்கிள் வந்து காண்டா குறைந்ததே தவிர, மேட்டுக்காட்டில் தூக்கி இறக்குவது குறையவில்லை. பகலெல்லாம் நாற்காலியில் இருக்கும் கிராணியின் இடுப்பும் தப்பவில்லை.

சங்கக் காரியாலயத்துக்கு ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “எலும்பைச் சேர்த்து ஆணி போடணும்னு சொல்றாங்க ஐயா, நகையை வித்துடலாமா?”

நாம் டாக்டர்கள் அல்லர். ஆனால் கையெழுத்துப் போடுமுன் விஷயம் தெரிந்திருக்க வேண்டியது நம் உரிமை. இரண்டு முள்ளெலும்புகளை, வேறோர் எலும்புத் துண்டும் திருகாணிகளும் வைத்து, ஒன்றாக ஒட்டச் செய்வதே இந்த ரண சிகிச்சை. ஒட்டிய இடம் பிறகு அசையாது. 1911ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரு டாக்டர்கள், முதுகெலும்பைத் தின்னும் காசநோய்க்காக இதைத் தொடங்கினார்கள். முறிந்து நிலைகுலைந்த எலும்புக்கும், சில கட்டிகளுக்கும், நரம்பை நசுக்கும்படி வெகுவாக நழுவிய எலும்புக்கும் இது இன்றும் தக்க சிகிச்சையே. அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேறு காரணம் அகப்படாத, வருஷக்கணக்கான வெறும் இடுப்பு வலிக்கு இது தேவையா என்பதில்தான் தகராறு.

சுவீடனில் 294 பேரை வைத்துச் சோதித்து 2001இல் வெளியிட்ட முடிவு, வழக்கமான சிகிச்சையைவிட ஆணி போடுவது மேல் என்றது. ஆனால் நார்வேயில் 64 பேருக்கும், பிரிட்டனில் 349 பேருக்கும் நடந்த சோதனைகளில், மறுபக்கம் வைத்தது சாதாரண சிகிச்சை அல்ல. முறையான தீவிரப் பயிற்சி. பிரிட்டனில் வாரம் ஐந்து நாள், மூன்று வாரம், தேகப் பயிற்சியோடு வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் போதனையும் கொடுத்தார்கள். 2003இலும் 2005இலும் வந்த முடிவுகளில் இரு பக்கத்தாரும் தேறினார்கள். ஆணிதான் மேல் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அந்த நோயாளிகளைப் பதினோரு வருஷங்கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை என்று 2013இல் எழுதினார்கள்.

“படத்தில் தேய்மானம் தெரிகிறதே!” என்பீர்கள். வலியே இல்லாதவர்களின் படங்களைத் திரட்டிப் பார்த்து 2015இல் ஒரு கணக்கு வந்தது. இருபது வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பதில் 96 பேருக்கும் அதே தேய்மானம்! நரை விழுவது போலத்தான் இதுவும்.

காலுக்கு இறங்கும் வலி வேறு ரகம். வட்டு பிதுங்கியதால் வரும் அந்த வலி பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானே தணிகிறது. தணியாவிட்டால், நரம்பை அழுத்தும் பகுதியை மட்டும் எடுக்கும் சிறிய சிகிச்சை உண்டு. தண்டு செல்லும் வழி குறுகிப்போன 247 பேரைப் பார்த்த சுவீடன் டாக்டர்கள், அழுத்தத்தை நீக்குவதோடு எலும்பையும் இணைத்ததால் கூடுதல் பலன் இல்லை என்று 2016இல் கண்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், பிடித்துவிடுதல், மனப் பயிற்சி ஆகியவற்றை ஏற்றது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அபின் வகை மாத்திரை வேண்டாம் என்றது. பட்டைக்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் நம்மில் பலர்! ஆஸ்திரேலியாவில், வலி தேறிய 701 பேரை வைத்துச் செய்த சோதனையில், படிப்படியாக நடை பழகியவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆயிற்று, மற்றவர்களுக்கு 112. இது 2024இல் வந்தது. “நாம் நடக்காத நடையா?” என்று ஓர் அம்மா கேட்டார். சுமையோடு குனிந்து ஓடுவது வேறு, முதுகுக்கென்று அளவாகக் கூட்டி நடப்பது வேறு, அம்மா.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் அடைத்தாலும், அடக்க முடியாமல் போனாலும், இருக்கும் இடம் மரத்தாலும், கால் வலுவிழந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு அல்லது உடல் மெலிவோடு வரும் முதுகு வலியையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

நிர்வாகத்திடமும் நமக்குப் பேச்சு இருக்கிறது. தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் 2017 வழிகாட்டியில், ஓர் ஆண் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்குவதற்கே 25 கிலோதான் அளவு. தரையிலிருந்து தூக்க அதைவிட மிகக் குறைவு. மாதருக்கு இன்னும் குறைவு. 40 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அங்கே முதலில் வாளியின் எடையைக் கேளுங்கள்.

வேலையில் முதுகு பிடித்தால் அன்றைக்கே சொல்லி எழுதி வையுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். சொக்சோவுக்கு மலாக்காவில் 2014 முதல் மறுவாழ்வு மையம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. நகையை எடுக்குமுன் படத்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்கு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.