மாலுமி என்னும் சொல்

(பங்கின் யூபிலி விழாவில் நிகழ்த்திய உரை)



கப்பலில் வேலை பார்ப்பவர் எவராயினும் அவரை 'மாலுமி' என்றே இன்று நாம் அழைக்கிறோம். ஆனால் இச்சொல் தொடக்கத்தில் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. அரபு மொழியில் 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர், ஆசிரியர் என்று பொருள். இந்துமாக் கடலில் ஓடிய கலங்களில், வழி அறிந்து கப்பலைச் செலுத்தியவருக்கு அப்பெயர் வழங்கிற்று. அதுவே நம் கரையில் 'மாலுமி' ஆயிற்று.

நம் முன்னோர் அவரை நீகான் என்றும் மீகாமன் என்றும் அழைத்தனர். மாடத்து விளக்கொளியால் துறையை அறிந்து பெரிய வங்கத்தைச் செலுத்தும் நீகானை அகநானூற்றின் 255ஆம் பாடலில் காண்கிறோம். ஆகவே தொழில் நமக்குப் பழையது; பெயர்தான் கடல் வாணிகத்தோடு வந்து சேர்ந்தது.

அக்பர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த 'அயினி அக்பரி' என்னும் நூல் கப்பல் பணியாளரை வரிசைப்படுத்துகிறது. நகுதா கப்பலுக்கு உடையவர். தண்டல் கப்பலாட்களின் தலைவர். சுக்கான் பிடிப்பவர் வேறொருவர். முஅல்லிமோ கடலின் ஆழமும் மேடும் தெரிந்தவர், வானநூல் கற்றவர்.

அவர் கையில் இருந்த கருவி மிக எளியது. ஒரு சிறு பலகை. அதன் நடுவே முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிப்பார். எந்த முடிச்சில் அது பொருந்துகிறதோ, அதைக்கொண்டு எந்தத் துறைக்கு நேராக வந்திருக்கிறோம் என்று அறிவார்.

அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரமும் இவர்களைப் பிரித்தே காட்டுகிறது. கப்பலுக்கு உடையவர் ஒருவர், வழி செலுத்துபவர் ஒருவர், கப்பலாட்கள் வேறு. குளிர்காலம் நெருங்கிவிட்டது, பயணம் வேண்டாம் என்றார் புனித சின்னப்பர். அவர் கப்பல் தொழில் கற்றவர் அல்லர். ஆயினும் ஏற்கெனவே மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டவர். நூற்றுவர் தலைவனோ கப்பலை நடத்தியவர்களின் பேச்சையே நம்பினான். கப்பல் மால்டா கரையில் உடைந்தது. 276 பேரும் உயிர் தப்பியது இறைவனின் அருள்.

அன்பர்களே, பெயர் ஒருவரை மாலுமி ஆக்கிவிடாது. வழி தெரிந்திருக்க வேண்டும். பட்டவர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். தெரிந்ததைக் கற்பிக்கவும் வேண்டும். இன்று கருவிகள் பெருகிவிட்டன. ஆயினும் நீரோட்டமும் காற்றும் பாறையும் அறிந்த பெரியவர்கள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் அறிவு அவர்களோடு கல்லறைக்குப் போய்விடலாகாது. பெரியோர் சொல்லிக் கொடுக்கட்டும். இளைஞர் அருகில் அமர்ந்து கேட்கட்டும். 'மாலுமி' என்னும் சொல்லுக்கு அப்போதுதான் நாம் அதன் பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.