ஓய்வுக்கால வீடு: தேடுவது ஐயா, வாழப்போவது அம்மா!

பணி ஓய்வு பெற்றவர்கள் கட்டுப்படியான விலையில் வீடு தேடி எங்கே போவது? இதுதான் இன்றைய கலந்துரையாடலின் தலைப்பு. பினாங்கில் கூடி இதைப் பேசுவது மிகப் பொருத்தம்.

ஜோர்ஜ்டவுனில் ஒரு காலத்தில் நம்மவர்கள் பலர் கடைவீடுகளின் மாடியில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தார்கள். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. 2000 ஜனவரி முதல் வாடகைக்கு வரம்பு இல்லாமல் போனது. பழைய குடித்தனங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், கடைவீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன.

ஆகவே, ஓய்வு பெற்ற தம்பதியர் சனி, ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டுகிறார்கள். புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், கெடாவில் கூலிம், சுங்கைப்பட்டாணி, பேராக்கில் பாரிட் புந்தார், பாகான் செராய், தைப்பிங் என்று ஊர் ஊராகப் பார்க்கிறார்கள். தரை வீடு, நல்ல காற்று, வாசலில் கறிவேப்பிலை நட இடம். ஐயாவுக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

நிகழ்ச்சிப் பதிவுகளுக்காக இந்த ஊர்களுக்குப் போகும்போது நான் கவனித்தது ஒன்று உண்டு. விலை பேசுகிறவர் ஐயா. அடுப்படியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிறவர் அம்மா. ஆனால், பொதுவாகப் பெண்களே ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். பெரும்பாலும் கணவருக்கு வயதும் கூடுதல். அப்படியென்றால், அந்த வீட்டில் கடைசியாகத் தனியே இருக்கப்போவது யார்? கார் ஓட்டத் தெரியாத அம்மாதானே?

அதனால், முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கார் இல்லாமல் இங்கே வாழ முடியுமா? புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பக்காப், கூலிம், பாரிட் புந்தார், தைப்பிங் ஆகிய ஊர்களில் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால், பாரிட் புந்தார் வழியாகக் கம்யூட்டர் ரயிலும் ஓடுகிறது. ஆனால், மலிவு வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே பஸ் இல்லாத எட்டு கிலோமீட்டர் இருந்தால், மலிவு யாருக்கு?

இரண்டாவது, பணம். வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தவர்களின் பிள்ளைகள் நம்மில் பலர். சொந்த வீடு என்றால் நமக்கு உயிர். அதனாலேயே சேமநிதிப் பணம் முழுவதையும் கல்லிலும் மண்ணிலும் போட்டுவிடுகிறோம். ஊழியர் சேமநிதி வாரியம் 2019-இல் அடிப்படைச் சேமிப்பாக 240,000 வெள்ளியை வைத்தது. மாதம் 1,000 வெள்ளி, 20 ஆண்டுகள் என்பது கணக்கு. அதில் 200,000 வீட்டுக்குப் போனால், மிச்சம் 40 மாதச் செலவுக்குத்தான்!

மூன்றாவது, பத்திரம். கெடா, பேராக் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் உண்டு. அதை நாம் வாங்க இயலாது. 99 ஆண்டுக் குத்தகை நிலமாக இருந்தால், மீதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். நில அலுவலகத்தில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடுக்குமாடி என்றால் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஓய்வு பெற்றவர் என்பதால் அது நின்றுவிடாது.

நான்காவதைப் பேசத்தான் வீடுகளில் தயங்குகிறார்கள். வீடு ஐயாவின் பெயரில் மட்டும் இருந்து, உயில் எழுதாமல் அவர் காலமானால் என்ன ஆகும்? 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, அவருடைய பெற்றோர் இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும், தன் வீட்டிலேயே தங்கியிருக்க அம்மா அவர்கள் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? இருவர் பெயரிலும் வாங்குங்கள். உயிலும் எழுதி வையுங்கள்.

பிடித்த ஊர் என்றால், முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிறதா, பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதா, நடந்து போகக் கோயில் இருக்கிறதா என்பதை வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். அங்கே வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் வீடு பார்க்கப் போகும்போது காரை எடுக்காதீர்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பாருங்கள். அந்த ஊர் வேண்டுமா வேண்டாமா என்பதை, திரும்பி வரும் வழியில் அம்மாவே சொல்லட்டும்.